மூலையில் ஒரு கட்டைவிரல்

"கையை எடுத்துட்டுப் படம் எடுங்க மேடம். எத்தனை தடவைதான் சொல்றது?"

தீப்பெட்டி சாரின் குரல் போனில் கரகரவென்று வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாள் முழுக்க ஊராருக்குப் பல் செய்து கொடுக்கிறவளுக்குப் பல்லைக் கடிப்பது நல்லதில்லை என்று தெரியாமல் இல்லை. ஆனால் இந்த மனிதரோடு பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலையாக இருந்தது.

"நான் கையே வைக்கலை சார்."

"அப்ப இது யாரு கை? கீழே இடது மூலையைப் பாருங்க, கட்டைவிரல் நுனி தெரியுது. எனக்கு ஓரம் முழுசா வேணும். ஓரத்தை மறைச்சா, கிழிசலை மறைக்கிறாங்கன்னுதான் வாங்குறவங்க நினைப்பாங்க. கொஞ்சம் சிரத்தையா எடுங்க மேடம்."

வைத்துவிட்டார். அனுப்பிய படத்தை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்புத் துணி, பக்கத்தில் அளவு தெரிய வைத்த இரும்பு ஸ்கேல், நடுவில் பழைய தீப்பெட்டிப் படம். படத்தில் ஒரு சேவல் நிமிர்ந்து நின்றது. கீழ் மூலையில், காகிதம் பறந்துவிடாமல் அழுத்திப் பிடிக்கிற மாதிரி, ஒரு கட்டைவிரல் நுனி. தன் விரலாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் போனின் பொத்தான் பழுது. ஒரு கையால் பிடித்து மறு கையால் அழுத்தினால்தான் படம் விழும். மூன்றாவது கைக்கு அவள் எங்கே போவாள்?

எல்லாம் அந்த டப்பாவால் வந்தது. அம்மா தம்பி வீட்டுக்குக் குடிபோனபோது பழைய வீட்டுப் பரணைக் காலி செய்து, இவள் பங்குக்கு ஓர் அட்டைப்பெட்டி அனுப்பினாள். உள்ளே பழைய ஸ்வெட்டர், உடைந்த டார்ச் லைட், அடியில் ஒரு வட்ட பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்ததும் துருவும் பென்சில் சீவலும் கலந்த வாசனை அடித்தது. குடை பிடித்த யானை, சைக்கிள் ஓட்டும் சிங்கம், சிறகு முளைத்த கடிகாரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சேர்த்த தீப்பெட்டிப் படங்கள். அந்தக் காலத்தில் அவளுக்கு வாய்த்த கூட்டாளிகள் அவை மட்டும்தான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கோடி தருவாங்களா, ரெண்டு கோடியா? சொல்லிடு, நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போகலை" என்றான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் பழம்பொருள் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் படங்களைப் போட்டாள். மறுநாள் காலையிலேயே இந்த மனிதர் கூப்பிட்டுவிட்டார். தீப்பெட்டிப் படம் தவிர வேறெதையும் பேசாத மனிதர் என்பதால் போனில் 'தீப்பெட்டி சார்' என்றே பதிந்துகொண்டாள். "அந்தச் சேவலை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க மேடம்" என்றார். அச்சு பிசகி, சேவலின் சிவப்புக் கொண்டை தலையை விட்டு விலகி ஆகாயத்தில் தொங்கியது. அப்படி அச்சானவற்றைக் கம்பெனியே எரித்துவிட்டதாம். தப்பித்தவை மிகச் சில. ஓரம் சுத்தமாக இருந்தால் என்ன விலை போகும் என்று அவர் சொன்னதும் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பழைய ஃபர்னஸ் ஒன்று வாங்கிவிடலாம்.

ஃபர்னஸ் என்பது பீங்கான் பல்லைச் சுட்டெடுக்கும் அடுப்பு. அது மட்டும் சொந்தமாக இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். இப்போது அவள் வேலை செய்யும் பல் லேப்பின் ஓனர் தினமும் கிளம்புகிற நேரம் பார்த்து, "இந்த ஒரு செட்டை மட்டும் முடிச்சுட்டுப் போயிடும்மா" என்பார். முடித்து வீடு வந்தால் இருட்டியிருக்கும். அதுவரை அவள் மகள் குட்டி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து வைத்து ஒரு கண் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். "அடுத்த மாசத்துலேர்ந்து அம்மா வீட்டுலயே இருப்பேன்" என்று போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். குட்டி இப்போதெல்லாம் அதற்குத் தலையைக்கூட ஆட்டுவதில்லை. அதுதான் அவளை அறுத்தது.

தீப்பெட்டி சாரின் சட்டதிட்டங்கள் ஏராளம். கறுப்புத் துணி வேண்டும், ஜன்னல் வெளிச்சம் வேண்டும், ஃபிளாஷ் கூடாது. முதலில் அவர் குறை சொன்னது கறையை. "எல்லாப் படத்துலயும் இடது மூலையில கறுப்பா ஒரு அழுக்கு இருக்கே மேடம்? பள்ளிக்கூடப் பிள்ளைங்க கை வச்ச அழுக்கு. அதுலயே பாதி விலை போயிடும்."

அது அழுக்கில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்து வழக்கம். ஒரு படத்தைக் கொடுத்து இன்னொரு படத்தை வாங்கினால், பென்சில் முனையில் கட்டைவிரலைத் தேய்த்து, நாக்கில் ஒரு தொடு தொட்டு, வாங்கிய படத்தின் மூலையில் அழுத்த வேண்டும். அதற்கு முத்திரை என்று பெயர். முத்திரை விழுந்துவிட்டால் விழுந்ததுதான். கொடுத்தவர் அழுது புரண்டாலும் திருப்பிக் கேட்கக் கூடாது, டீச்சரிடம் போனாலும் செல்லாது. முத்திரையில்லாமல் கிடக்கும் படம் யாருக்கும் சொந்தமில்லை. யார் முதலில் விரலை அழுத்துகிறாரோ அவருக்கு.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் டப்பாவை லேபுக்கு எடுத்துப்போனாள். பல் செட்டைப் பளபளப்பாக்க அங்கே ஒரு தூள் உண்டு, மாவைவிட மென்மையானது. அதைப் பஞ்சில் தொட்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகத் தேய்த்தாள். வேறு யாராக இருந்தாலும் காகிதம் பிய்ந்திருக்கும். அவளுக்குக் கை பழக்கம். அச்சு மை சிறிதும் கலையாமல், ஒரு படம் விடாமல், முத்திரையெல்லாம் போய்விட்டது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் படங்களில் இந்த விரல் விழத் தொடங்கியது.

இன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று ஓடிவந்தால் வானம் மூடிக்கொண்டது. மழை பிடித்து, எதிர்க்கட்டடத்துச் சுவரில் தண்ணீர்க்குழாய் நிறுத்தாமல் கொப்பளித்தது. ஹாலில் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். உள்ளறையில் குட்டி படம் வரைந்துகொண்டிருந்தது. இவளுக்குக் கேட்காத குரலில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தது. துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட்டு மறுபடி எடுத்தாள். விரல் இருந்தது. துணியை மாற்றினாள். இருந்தது. லென்ஸைத் துடைத்தாள், புடவை முந்தானையால் ஒரு தடவை, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒரு தடவை. இருந்தது. முன்பைவிட நன்றாகவே இருந்தது, நகம் வரை தெரிந்தது.

"சனியனே" என்று போனைத் திட்டினாள்.

கடைசியில் புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் போனைச் சாய்த்து வைத்தாள். தானாகவே விட்டு விட்டுப் படம் எடுக்கும்படி டைமரைப் போட்டாள். எதிர்ச்சுவரோரம் போய் நின்று, கைகள் இரண்டையும் தலைமேல் தூக்கிக்கொண்டாள். இனி இந்த மனிதர் என்ன சொல்கிறார் பார்ப்போம். போலீஸில் பிடிபட்டவள் மாதிரி நிற்கிற கோலத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. போன் 'க்ளிக்' என்றது. மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்குள், மேஜைப் பக்கத்திலிருந்து, மிகச் சின்னதாய் ஒரு சத்தம் வந்தது. ஈரமான சத்தம். நாக்கு விரலைத் தொட்டு விலகுகிற சத்தம்.

ஜன்னலில் சொட்டும் தண்ணீராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள்.

இப்போது விரல் மட்டுமில்லை. கட்டைவிரல் மூலையை அழுத்தியிருக்க, மற்ற விரல்கள் மடங்கியிருந்தன. மணிக்கட்டு தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே கருநீலச் சட்டைக் கை. பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. நூலின் முனை வாயில் போட்டுச் சப்பியதுபோல் கூராகியிருந்தது. சின்னக் கை, ஏழெட்டு வயசுப் பிள்ளையின் கை. கை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள். படத்துக்கு வெளியே, மேஜைக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில். அங்கே ஒரு சாண் இடம்கூட இல்லை.

கணவனைக் கூப்பிட்டாள்.

"சொல்லு, குழிக்குள்ள நிக்கிறேன், சிக்னல் போயிடும்." அவன் குரல் லிஃப்ட் கிணற்றில் மோதி எதிரொலித்தது.

"ஏங்க, படத்துல ஒரு கை வருதுங்க. என் கை இல்லை. சின்னப் பிள்ளை கை."

"சின்னப் பிள்ளை கைன்னா நம்ம குட்டி கைதான். மேஜைக்கு அடியில பூந்துக்கிட்டு உன்னை வச்சு விளையாடுது. போய் முதுகுல ஒண்ணு வையி." சிரித்தான். "அந்தச் சேவலை வித்துத் தொலை முதல்ல. வீட்ல நிம்மதியாச்சும்..."

போய்விட்டது சிக்னல். ஆனால் அவன் சொன்னது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! குட்டிதான். வேறு யார்? பழைய நீலச் சட்டை ஏதாவது அட்டைப்பெட்டியில் கிடந்திருக்கும், போட்டுக்கொண்டு ஆட்டம் காட்டுகிறது. பயம் வந்த வேகத்திலேயே கோபமாக மாறியது. மத்தியானம் பூராவும் வீண். வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. டைமரை அப்படியே விட்டு, போனைப் புத்தகங்களின்மேல் வைத்துவிட்டு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளறைக்குள் நுழைந்தாள்.

குட்டி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. மேலே மஞ்சள் கவுன், நீலமாக எதுவுமில்லை. சுற்றிலும் தரை முழுக்கத் தீப்பெட்டிப் படங்கள் பரப்பியிருந்தன. அலமாரியின் மேல்தட்டில், குட்டிக்கு எட்டாத உயரத்தில் அவள் மூடி வைத்த டப்பா தரையில் திறந்து கிடந்தது. யானை, சிங்கம், கடிகாரம். ஒவ்வொன்றின் இடது மூலையிலும் கறுப்பாய், ஈரம் காயாமல், ஒரு விரல் பதிவு.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?" அவள் கத்திய கத்தலில் குட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒவ்வொண்ணா உட்கார்ந்து தேய்ச்சேன்டி! சாப்பிடாம கொள்ளாம தேய்ச்சேன்! யாருக்காக இதெல்லாம்? உனக்காகத்தானே?"

ஓங்கிய கை நடுவிலேயே நின்றது. குட்டி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது. சுத்தமான கைகள்.

"நான் பண்ணலைம்மா. அக்காதான் பண்ணிச்சு."

"எந்த அக்கா?"

"படிக்கட்டுல என்கூட உட்காரும்ல, அந்த அக்கா. அவங்க அம்மாவும் லேட்டாத்தான் வருவாங்களாம்." குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இதெல்லாம் அதோட படமாம். யாரோ முத்திரையை அழிச்சுட்டாங்களாம். அதான் திரும்பப் போட்டுச்சு."

முத்திரை என்கிற சொல்லை அவள் குட்டியிடம் சொன்னதே இல்லை. கணவனிடம்கூடச் சொன்னதில்லை. குனிந்து சிங்கத்தை எடுத்தாள். கறுப்புப் பதிவில் விரலின் ரேகைகள் தெளிவாக இருந்தன. ரேகைகளை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு சாய்ந்து போனது. சின்ன வயசில் மாடிப்படியில் உட்கார்ந்து பிளேடால் பென்சில் சீவியபோது, நகத்தோரம் தொடங்கிச் சதைக்குள் வளைந்து இறங்கிய வெட்டு. அன்று இரத்தத்தைத் துடைத்துவிட அம்மா வரும்வரை காத்திருந்தாள். தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். வளர்ந்த விரல், அதே கோடு. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"குட்டி," என்றாள், குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை, "அந்த அக்கா உன்கிட்ட வேற என்ன சொல்லுச்சு?"

"எனக்கு முத்திரை இருக்கான்னு கேட்டுச்சு. நான் கை, கால் எல்லாம் பார்த்தேன். இல்லைன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்ப நீ யாருக்கும் இல்லையான்னு கேட்டுச்சு." குட்டி ஒரு படத்தை நேராக்கி வைத்தது. "பென்சில் மொட்டையாயிடுச்சாம். சீவிக்கிட்டு வரேன்னு போயிருக்கு."

ஹாலிலிருந்து சத்தம் கேட்டது. சர்ரக். கொஞ்சம் இடைவெளி. சர்ரக். பிளேடு மரத்தைச் சீவுகிற சத்தம், அவசரமே இல்லாமல், நிதானமாக. பென்சில் மரத்தின் வாசனை கதவு வழியாக வந்தது. கூடவே மழையில் நனைந்து உடம்பிலேயே காய்ந்த துணியின் வாசனை.

அவள் குட்டியின் கையைப் பிடித்து எழுப்பினாள். வெளிக்கதவு ஹாலைத் தாண்டி இருந்தது. வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டாவது ஓடிவிடலாம். கீழ்வீட்டுக்கு. தெருவுக்கு. எங்கேயாவது. இழுத்தாள். குட்டி வரவில்லை. அடம் பிடிக்கவில்லை, எழுந்துதான் நின்றது, ஆனால் அதன் மறு கை விறைப்பாக நீண்டு, தோள் ஒரு பக்கம் இழுபட்டது. அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள்.

"அம்மா, வலிக்குது."

அவள் பிடியைத் தளர்த்தினாள். தோளும் தளர்ந்தது. சீவும் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறை இருண்டிருந்தது. ஸ்விட்சைத் தட்டினாள். எரியவில்லை. மறுபடி தட்டினாள். மழை மட்டும் கேட்டது. பிறகு அது கேட்டது. மிக அருகில், குட்டியின் தலைக்குப் பக்கத்தில். நாக்கு விரலைத் தொடுகிற சத்தம்.

முதலில் அழுத்துகிறவருக்கு.

யோசித்துச் செய்யவில்லை. யோசிக்க நேரமில்லை. தரையில் கிடந்த குட்டியின் பென்சிலை எடுத்தாள். முனையில் கட்டைவிரலைத் தேய்த்தாள். இன்னும் தேய்த்தாள். நாக்கில் தொட்டாள். கரியும் துருவுமாய் அந்தப் பழைய ருசி. குட்டியின் முகத்தைத் தடவிப் பிடித்து, நெற்றியின் இடது ஓரத்தில் விரலை வைத்து, எலும்பில் முட்டும்வரை அழுத்தினாள்.

"என் பிள்ளை" என்றாள் காற்றைப் பார்த்து. "எனக்கு. போ."

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூச்சு விட்டாள். விளக்கு மினுக்கி எரிந்தது. அறையில் அவளும் குட்டியும் படங்களும் தவிர யாருமில்லை. ஈரத்துணி வாசனைகூடப் போய்விட்டது. அவள் குட்டியை வாரித் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சின்ன உடம்பின் சூடு புடவைக்குள் இறங்கியது. இப்படி இதைத் தூக்கி எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

ஹாலில் போன் 'க்ளிக்' என்றது. டைமரை நிறுத்தவில்லை. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் எடுத்தாள். கடைசியாக விழுந்த படத்தில் கறுப்புத் துணி, ஸ்கேல், சேவல். அவ்வளவுதான். நான்கு மூலையும் பளிச்சென்று இருந்தன. விரலில்லை, கறையில்லை. உள்ளே இருந்த படங்களிலெல்லாம் முத்திரை திரும்ப விழுந்திருக்க, இதில் மட்டும் விழவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது அவளுக்கு. அந்த வீம்பில் உடனே தீப்பெட்டி சாருக்கு அனுப்பினாள். சோபாவில் சரிந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

போன் அடித்தது. "இப்பத்தான் மேடம் சரியா இருக்கு! இதை முன்னாடியே எடுத்திருக்கலாம்ல? நான் சொன்ன விலைக்கே ஆள் தயார். நாளைக்கே நேர்ல வந்து வாங்கிக்கிறேன். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் மண்டையில் உறைத்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான் வழக்கம். அந்தக் கை சேவலை மட்டும் ஏன் விட்டுவிட்டது? கையிலிருந்ததிலேயே உசத்தியான படத்தை, அதைவிட உசத்தியாக ஒன்று கிடைக்காமல் அந்த மாடிப்படிச் சிறுமி கொடுக்கவே மாட்டாள். அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்?

மெதுவாகக் குட்டியின் நெற்றி முடியை விலக்கினாள். சின்ன விரலின் கறுப்புப் பதிவு. ரேகைகள். குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடு. சிங்கத்தின் மூலையில் இருந்த அதே முத்திரை.

தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பென்சிலில் அவ்வளவு தேய்த்த விரல். ஒரு துளிக் கறுப்புகூட இல்லை.

"குட்டி."

குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களைப் பார்க்கிற பார்வை. பிறகு மடியில் கொஞ்சம் நெளிந்து, தனக்கு வலப்பக்கம், யாருமில்லாத இடத்தில், தன்னைவிடச் சற்று உயரமான ஒன்றை அண்ணாந்து பார்த்தது.

"அக்கா," என்றது, "இந்த ஆன்ட்டி யாரு?"

அவள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குட்டி திமிறியது. இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் தள்ளியது. கத்தியது. முன்பின் தெரியாதவர் தூக்கிப்போகும் பிள்ளை கத்துகிற கத்தல். "அம்மா, அம்மாடா, நான் அம்மாடா" என்று அவளும் கத்தினாள். குட்டி காதில் வாங்கவில்லை. அக்கா, அக்கா என்றே அலறியது. விடமாட்டேன் என்று விரல்களைக் கோத்துக் குரங்குப் பிடியாகப் பிடித்தாள்.

அப்போது அவள் கைகளின்மேல் ஏதோ பட்டது.

சில்லென்று. சின்னதாக. ஈரமாக.

விரல்கள். கடித்த நகங்கள். அவளுடைய சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தன. முரட்டுத்தனமே இல்லை. ஒட்டிய படத்தைக் கிழியாமல் உரிக்கிற பொறுமை. சுண்டுவிரல் விலகியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. மடியில் நீலச்சட்டையின் நூல் ஒன்று உரசியது.

குட்டி அழுகையை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கண்ணீரோடு, ஆசையாகச் சிரித்தது.

இனி குட்டியைப் பிடித்திருக்க அவளிடம் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சமிருந்தது.